பாஸ்வேர்ட் சரி, டெஸ்க்டாப் வரவில்லை: விர்ச்சுவல்பாக்ஸுக்குள் டெபியன் 12

விண்டோஸ் 11 கணினி, அதில் கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் 7.0, அதற்குள் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்புடன் டெபியன் 12 லினக்ஸ். 4 ஜிபி ரேம், 2 சிபியு, 20 ஜிபி டிஸ்க். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மெஷினில் பாஸ்வேர்ட் கொடுத்ததும் திரை ஒரு நொடி கறுத்து, மறுபடி லாகின் திரையே வந்து நின்றது.

இந்தச் சுற்றலைக் கண்டதும் பலர் கிராஃபிக்ஸ் அமைப்பில் கை வைப்பார்கள், அல்லது டெபியனையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவார்கள். இரண்டும் வேண்டாம். பாஸ்வேர்ட் தப்பென்றால், லாகின் திரையைக் காட்டும் லைட்-டிஎம் புரோகிராம் அதைத் திரையிலேயே சொல்லும். சொல்லாமல் திருப்பி அனுப்புகிறது என்றால், உள்ளே விட்டுவிட்டது, டெஸ்க்டாப் செஷன்தான் தொடங்கிய வேகத்தில் விழுந்துவிட்டது. டெஸ்க்டாப்பை வரைந்து காட்டும் எக்ஸ் சர்வரில்தான் லாகின் திரையும் ஓடுகிறது. அது தெளிவாகத் தெரியும்போது டிஸ்ப்ளேயைச் சந்தேகிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

வலது கண்ட்ரோலையும் எஃப்3-ஐயும் சேர்த்து அழுத்தினால் கறுப்பு டெர்மினல் வரும். வலது கண்ட்ரோல்தான் விர்ச்சுவல்பாக்ஸின் ஹோஸ்ட் கீ. அதனுடன் எஃப்3 அழுத்தினால் உள்ளே இருக்கும் லினக்ஸுக்குக் கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 போய்ச் சேரும். அங்கே அதே பயனர் பெயரில் லாகின் செய்ய முடிந்தது. உடனே டிஸ்க்கில் மீதி இடத்தைக் காட்டும் டிஎஃப் கமாண்டைக் கொடுத்துப் பார்த்தால், சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் 100 சதவீதம் நிறைந்திருந்தது.

டிஸ்க் நிறைந்த பிறகும் மெஷின் பூட் ஆனதற்குக் காரணம் உண்டு. இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் தன் இடத்தில் 5 சதவீதத்தை நிர்வாகிக் கணக்கான ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும். 20 ஜிபியில் அது சுமார் 1 ஜிபி. ரூட்டாக ஓடும் சேவைகள் அதில் எழுதிக்கொண்டு நன்றாகவே ஓடும். சாதாரணப் பயனருக்குத்தான் ஒரு பைட்கூடக் கிடைக்காது. செஷன் தொடங்க வேண்டுமென்றால் ஹோம் ஃபோல்டரில் எக்ஸ் சர்வருக்கான அனுமதியை வைத்திருக்கும் எக்ஸ்-அத்தாரிட்டி கோப்பை எழுதியாக வேண்டும். எழுத முடியாததால் விழுகிறது. டெர்மினல் லாகினுக்கு அப்படி எதுவும் எழுதத் தேவையில்லை, அதனால் விட்டுவிடுகிறது.

(டிஎஃப்பில் இடம் இருப்பதாகக் காட்டினால், அதே எக்ஸ்-அத்தாரிட்டி கோப்பின் உரிமையாளரைப் பாருங்கள். ரூட்டின் உரிமை தரும் சூடோவைப் போட்டு, டெஸ்க்டாப்பைத் தொடங்கும் ஸ்டார்ட்-எக்ஸை ஓட்டியவர்களிடம் அது ரூட்டின் பெயருக்கு மாறியிருக்கும். சிஎச்ஓன் கமாண்டால் உரிமையைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.)

இடத்தை விடுவிக்க முதலில் ஆப்ட் கிளீன்: இறக்கிய பேக்கேஜ் கோப்புகள் எல்லாம் போகும். அடுத்து ஜர்னல்சிடிஎல்லில் வேக்யூம்-சைஸ் 100 எம்பி: பழைய சிஸ்டம் லாகுகள் அந்த அளவுக்குக் குறையும். ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் எக்ஸ்-செஷன்-எரர்ஸ் கோப்பையும் மறக்காதீர்கள். ஏதாவது ஒரு புரோகிராம் ஓயாமல் எரர் கொட்டினால் அது ஜிபி கணக்கில் வீங்கும். அழிப்பதற்கு முன் கடைசி 50 வரிகளைப் படித்து, எந்தப் புரோகிராம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தால் டெஸ்க்டாப் வந்துவிடும், ஆனால் 20 ஜிபி மறுபடி நிறையும். மெஷினை ஷட்டவுன் செய்து, விர்ச்சுவல் மீடியா மேனேஜரில் டிஸ்க்கை 40 ஜிபி ஆக்கினோம். ஸ்னாப்ஷாட் (மெஷினின் பழைய நிலையைச் சேமித்த பதிவு) இருந்தால் முதலில் அதை நீக்க வேண்டும். இல்லையென்றால் அடிப்படை டிஸ்க் மட்டும் பெரிதாகும், மெஷின் பயன்படுத்துவது பழைய அளவிலேயே நிற்கும்.

இனி வருவதுதான் பலர் சிக்கும் இடம். பயாஸ் என்ற பழைய பூட் முறையில் டெபியன் இன்ஸ்டாலர் ரூட் பார்ட்டிஷனை முன்னாலும், ரேம் போதாதபோது பயன்படும் ஸ்வாப்பை அதன் பின்னாலும் போடும். புதிதாகக் கிடைத்த 20 ஜிபி ஸ்வாப்புக்கு அந்தப் பக்கம் கிடக்கும். ரூட்டால் அதைத் தொட முடியாது. பார்ட்டிஷன்களை மாற்ற உதவும் ஜிபார்ட்டட் லைவ் ஐஎஸ்ஓவில் பூட் செய்து, ஸ்வாப்பையும் அதைச் சுமக்கும் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனையும் நீக்கி, கடைசியில் 2 ஜிபி விட்டு ரூட்டை நீட்டி, அந்த 2 ஜிபியில் புதிய ஸ்வாப் போட வேண்டும். புதிய ஸ்வாப்புக்கு யூயூஐடி என்ற அடையாள எண் மாறிவிடும். பூட்டில் இணைக்க வேண்டிய பார்ட்டிஷன்களின் பட்டியலான எஃப்எஸ்டேபில் பழைய எண் இருந்தால் பூட் நடுவில் ஒன்றரை நிமிடம் காத்து நிற்கும். பூட்டின் தொடக்கத்தில் ஓடும் இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பின் ரெஸ்யூம் கோப்பிலும் அதே எண் இருக்கும். பிஎல்கேஐடி கமாண்டில் புதிய எண்ணைப் பார்த்து இரண்டு இடத்திலும் மாற்றி, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டுங்கள். அந்தக் கமாண்டே இல்லை என்று வந்தால், ரூட்டாக மாற வெறும் எஸ்யூ கொடுத்திருப்பீர்கள்; எஸ்யூவுக்குப் பின் ஒரு ஹைஃபன் சேர்த்தால்தான் கமாண்டுகளைத் தேடும் ரூட்டின் பாதை முழுவதும் கிடைக்கும்.

அடுத்தது திரை அளவு. டெஸ்க்டாப் 800க்கு 600இல் சுருங்கியிருந்தது. டிஸ்க் நிறைந்திருந்த நாளில் வந்த கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட்டுக்கு, திரை அளவைச் சரிசெய்யும் விர்ச்சுவல்பாக்ஸின் கெஸ்ட் அடிஷன்ஸ் மாட்யூலைக் கட்ட இடம் இல்லாமல் போனதுதான் காரணம். விபாக்ஸ்ஆட் செட்டப் லாகில் அது அப்படியே பதிவாகியிருந்தது. மாட்யூலைக் கட்டத் தேவையான பில்ட்-எசென்ஷியல், டிகேஎம்எஸ், லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 மூன்றையும் நிறுவுங்கள். குறிப்பிட்ட கர்னல் எண்ணுக்கான ஹெடரைவிட இந்தப் பொதுப் பேக்கேஜ் நல்லது, அடுத்த அப்டேட்டுக்கும் ஹெடர் தானாக வந்துவிடும். நிறுவியதும் ஒரு ரீபூட். ஓடும் கர்னலும் ஹெடரும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். பிறகு கெஸ்ட் அடிஷன்ஸ் சிடியைச் செருகி, அதன் ரன் கோப்பை எஸ்எச் கமாண்டுக்குக் கொடுத்து ஓட்டுங்கள். நேரடியாக ஓட்டினால் பெர்மிஷன் டினைட் வரலாம். சிடியை டெபியன் நோ-எக்ஸெக் (கோப்புகளை நேரடியாக ஓட்ட விடாத முறை) ஆக மவுண்ட் செய்வதால் வருவது அது, உங்கள் உரிமையில் குறை இல்லை.

கிராஃபிக்ஸ் கண்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏவாகவே இருக்கட்டும். வீடியோ மெமரி 16 எம்பியில் கிடந்தால் 128 ஆக்குங்கள். எக்ஸ்எஃப்சிஇக்கு 3டி ஆக்சிலரேஷன் தேவையில்லை என்பது என் கருத்து. அதை அணைத்து, விண்டோ மேனேஜர் ட்வீக்ஸில் நிழல் போன்ற அலங்காரங்களைக் காட்டும் கம்போசிட்டரையும் அணைத்தால் ஜன்னல்கள் தடங்கலின்றி நகரும். பூட்டில் விஎம்டபிள்யூஜிஎஃப்எக்ஸ் என்று தொடங்கி, ஆதரவில்லாத ஹைப்பர்வைசர் என்று ஒரு செய்தி ஓடலாம். அதற்காகக் கண்ட்ரோலரை மாற்ற வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் மெஷின் இழுத்தால், ஜன்னலின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமை தெரிகிறதா என்று பாருங்கள். மெஷின் விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் அமைப்பான ஹைப்பர்-வி மேல் ஓடுகிறது என்பதற்கான அடையாளம் அது. வேகம் அங்கேதான் போகிறது. விண்டோஸில் அட்மின் உரிமையுடன் பூட் அமைப்பை மாற்றும் பிசிடிஎடிட்டில் ஹைப்பர்வைசர்-லாஞ்ச்-டைப்பை ஆஃப் ஆக்கி ரீஸ்டார்ட் செய்யலாம். கோர் ஐசொலேஷனில் மெமரி இன்டெக்ரிட்டி இயங்கினால் அதையும் அணைத்தால்தான் ஆமை போகும். அது ஒரு பாதுகாப்பு வசதி, அணைப்பதா என்று யோசித்து முடிவெடுங்கள். ஹைப்பர்வைசரை ஆஃப் ஆக்கினால், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2 ஓடாமல் போகும். ஹைப்பர்வைசர்-லாஞ்ச்-டைப்பை ஆட்டோ என்று மாற்றினால் திரும்பி வரும்.