மொட்டைமாடி ட்ரம்மில் மூன்று வருட அதிமதுரம்

தொண்டை கட்டினால் எங்கள் வீட்டில் அதிமதுரத் துண்டு ஒன்றைக் கடைவாயில் அடக்கிக்கொள்வது வழக்கம். பூங்கா நகர் ராசப்ப செட்டித் தெருவில் வாங்குவோம். ஒருமுறை கடைக்காரரிடம், "இது எங்கண்ணே விளையுது?" என்று கேட்டேன். "ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்துச் சரக்கு தம்பி. முக்கால்வாசி காட்டுல தானா கெடக்கிறதைத் தோண்டி எடுக்கிறதுதான்" என்றார். வேரையே தோண்டி எடுத்துக்கொண்டே இருந்தால் எத்தனை நாளைக்குத் தாங்கும்? மடிப்பாக்கத்தில் நம் மாடியிலேயே வளர்த்துப் பார்த்தால் என்ன என்று வீம்பு வந்துவிட்டது.

முதலில் கடைக் குச்சியையே ஊறவைத்து நட்டேன். காய்ந்த வேர் எப்படி முளைக்கும்? பூஞ்சணம்தான் பூத்தது. அப்புறம் ஒரு நர்சரியில் 'நாட்டு அதிமதுரம்' என்று ஒரு செடி கொடுத்தார்கள். இலையை மென்றால் இனித்தது, நம்பிவிட்டேன். அது கம்பியைப் பற்றிக்கொண்டு ஏறியபோதுதான் சந்தேகம். அதிமதுரம் கொடி இல்லை, நிமிர்ந்து வளரும் செடி. இலையை எண்ணினேன்: எல்லாம் சோடி சோடியாக இருந்தது, நுனியில் ஒற்றை இலை இல்லை. அதிமதுரத்துக்கு அந்த ஒற்றை இலை உண்டு. என் செடி குன்றிமணி! சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த அந்த விதை கடும் விஷம். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் மாடிக்கு வருவார்கள், அன்றைக்கே பிடுங்கி எறிந்தேன்.

ஹரியானாவில் ஹிசாரில் வேளாண்மை படித்த உறவுக்காரப் பையன் 2022 பிப்ரவரியில் உயிருள்ள வேர்த்தண்டுகளை ஈரச் சாக்கில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தான். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், இரண்டு மூன்று கணு. 200 லிட்டர் நீல ட்ரம்மின் அடியில் ஓட்டை போட்டு, இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு செம்மண், கொஞ்சம் மண்புழு உரம் கலந்து ஆறு துண்டுகளைப் படுக்கவைத்துப் புதைத்தேன். நான்கு துளிர்த்தன.

வெயிலைப் பற்றித்தான் பயந்தேன், ஆனால் தொல்லை கொடுத்தது மழை. தண்ணீர் தேங்கினால் இந்த வேர் அழுகிவிடும். முதல் ஐப்பசியிலேயே ஒன்று போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ட்ரம்முக்குத் தார்ப்பாய் கட்டிவிட்டு, இருட்டில் டார்ச்சோடு போய் ஓட்டைகளைக் குச்சியால் குத்திவிட்டேன். தெருவில் முழங்காலளவு தண்ணீர், நான் மாடியில் வேருக்குக் காவல். அம்மா திட்டிய திட்டை எழுத முடியாது.

வேர் தேறக் குறைந்தது மூன்று வருடமாவது ஆகும். அதுவரை ஒரு பைசா வராத பயிரை எந்த விவசாயி நம்பிப் போடுவார்? தானாக விளைந்ததைத் தோண்டவே ஏன் போகிறார்கள் என்பது அந்தக் காத்திருப்பில்தான் எனக்குப் புரிந்தது.

2025 பிப்ரவரியில் ட்ரம்மைச் சாய்த்தேன். தாய்வேரை விட்டுவிட்டு, பக்கவாட்டில் ஓடிய தண்டுகளை மட்டும் வெட்டினேன். பச்சையாக 340 கிராம். விரல் தடிமன்கூட இல்லை, ஆனால் உள்ளே நல்ல மஞ்சள். நிழலில் உலர்த்தியதும் பாதியாகிவிட்டது. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருப்பதால் அவருக்குக் கொடுக்கவில்லை, அதிமதுரம் அதை ஏற்றிவிடும்.

அம்மா ஒரு துண்டை மென்றுவிட்டு, "கடைச் சரக்கு அளவுக்கு இனிக்கலையேடா" என்றார். பிறகு கணு உள்ள மூன்று துண்டுகளை அவரே பொறுக்கி எடுத்து, திரும்ப ட்ரம்மில் புதைத்துவிட்டு வந்தார்.