சிசிலியின் தென்கிழக்கில் ஏழு நாள் நடை

சிராகூசா நகரின் பழைய பகுதியான ஒர்த்தீஜியாவில், பேராலயத்தை ஒட்டி ஓடும் குறுகிய தெரு ஒன்றில் எங்கள் வழிகாட்டி எங்களை நிறுத்தி, சுவரைச் சற்று நேரம் பேசாமல் பார்க்கச் சொன்னார். முதலில் அது வெறும் கற்சுவராகத்தான் தெரிந்தது. பிறகு, அதில் பாதி புதைந்து நிற்கும் பருத்த தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணுக்குப் புலப்பட்டன. அவை கி.மு. 480ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதீனா தெய்வத்துக்குக் கிரேக்கர்கள் எழுப்பிய கோயிலின் தூண்கள். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் அக்கோயிலைத் தேவாலயமாக மாற்றியவர்கள் தூண்களை இடிக்கவில்லை. அவற்றுக்கு இடையே இருந்த வெளியைக் கல்லால் அடைத்து வெளிச்சுவராக்கிக்கொண்டு, உள்ளே கருவறைச் சுவரை வளைவு வளைவாகக் குடைந்து மக்கள் கூடுவதற்கு இடம் செய்தார்கள். முகப்பு மட்டும் 1693ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பிறகு, 18ஆம் நூற்றாண்டில் எழுந்தது.

உள்ளே சென்றதும் ஒரு தூணின் மீது கை வைத்தேன். அதன் நெடுக ஓடும் பள்ளத்தில் என் உள்ளங்கை அப்படியே பொருந்தியது. ஆள் உயரம் வரை விளிம்புகள் தேய்ந்து வழவழப்பாக இருந்தன. அதற்கு மேல் கல் சொரசொரப்பாகவே இருந்தது. இந்தக் கோயிலின் கதவுகளில் தங்கமும் தந்தமும் இழைத்திருந்ததையும், வெர்ரெஸ் என்ற ரோமானிய ஆளுநர் அவற்றைப் பெயர்த்து எடுத்துச் சென்றதையும் கி.மு. 70இல் ரோமானிய வழக்கறிஞர் சிசரோ தம் வழக்குரையில் பதிவு செய்திருக்கிறார் என்று வழிகாட்டி சொன்னபோது, தொட்டுக்கொண்டிருந்த கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அக்காவும் நானும் மே மாதத்தில் இந்த நடைப்பயணத்தில் சேர்ந்தோம். எங்களையும் சேர்த்துக் குழுவில் பத்துப் பேர். வழிகாட்டி அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்து தொல்லியல் படித்தவர். நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் நடை, நடுவில் நிதானமான மதிய உணவு, மாலையில் ஒரு பழைய ஊர் என்பதே ஏழு நாளுக்கும் ஏற்பாடு. ஒரே நாளில் மூன்று நகரங்களைப் பேருந்திலிருந்து காட்டும் பயணங்களில் நான் முன்பு சென்றிருக்கிறேன். அவற்றில் பார்த்தவை படங்களாக மிஞ்சின. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள தொடர்பு மிஞ்சவில்லை. சிசிலியைப் போல ஒருவர் விட்டுச்சென்றதன் மேல் அடுத்தவர் வந்து குடியேறிய தீவில், அந்த ஒட்டு எங்கே இருக்கிறது என்பதைக் காண நடந்துதான் ஆக வேண்டும் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

சிராகூசாவைக் கொரிந்து நகரத்தார் கி.மு. 734ஐ ஒட்டி நிறுவினார்கள் என்பது மரபு. பின்னர் ரோமர், பைசாந்தியர், அரேபியர், நார்மானியர், ஸ்பானியர் எனப் பலரும் வந்தார்கள். இரண்டாம் நாள், பாறையைக் குடைந்து அமைத்த கிரேக்க அரங்கத்துக்குச் சென்றோம். 1914இல் ஈஸ்கிலஸின் 'அகமெம்னான்' நாடகத்துடன் தொடங்கி, போர்க்காலங்களில் தடைபட்டாலும், இன்றும் அங்கே பழைய கிரேக்க நாடகங்கள் நடிக்கப்படுகின்றன. நாங்கள் சென்றபோது அந்த விழாவுக்காகக் கல் இருக்கைகளின் மேல் மரப்பலகைகள் பாவியிருந்தார்கள். கல்லைப் பார்க்க முடியவில்லையே என்று குழுவில் சிலர் வருந்தினார்கள். எனக்கோ ஓர் அரங்கம் அரங்கமாகவே பயன்படுவதைப் பார்ப்பதுதான் பெரிதாகப்பட்டது.

அரங்கத்தை அடுத்துள்ள கல்வெட்டாங்குழிகள்தாம் என்னை அதிகம் பாதித்தன. நகரைக் கட்டுவதற்குக் கல் எடுத்த பள்ளங்கள் அவை. இன்று எலுமிச்சையும் ஆரஞ்சும் நிழல் தரும் தோட்டங்களாகிவிட்டன. அங்குள்ள உயரமான குகைக்கு, இந்நகரை ஆண்ட பழைய கொடுங்கோலனின் பெயரால் 'தியோனீசியஸின் காது' என்று பெயர் வைத்தவர் 1608இல் இங்கு வந்த ஓவியர் கரவாஜ்ஜோ என்பார்கள். கி.மு. 413இல் சிராகூசா மீது படையெடுத்துத் தோற்ற ஏதென்ஸ் படையினரில் ஏழாயிரத்துக்குக் குறையாதவர்கள் இந்நகரின் கல்வெட்டாங்குழிகளில் அடைக்கப்பட்டார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதுகிறார். பகலில் வெயில், இரவில் குளிர், நாளுக்குக் கையளவு தானியமும் கொஞ்சம் தண்ணீரும். யூரிப்பிடீஸின் நாடக வரிகளை மனப்பாடமாகச் சொல்ல முடிந்த சிலர், அந்தக் கவிதையின் மேல் சிசிலியர்களுக்கு இருந்த ஆசையினால் விடுதலை பெற்றார்கள் என்பது பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் தரும் செய்தி. எலுமிச்சைப் பூவின் மணத்துக்கு நடுவே நின்று இதைக் கேட்டபோது எங்களில் யாரும் நெடுநேரம் பேசவில்லை.

அன்றைய மதிய உணவில் அரஞ்சீனி வந்தது. குங்குமப்பூ சேர்த்துக் குழைய வேகவைத்த சோற்றை உருட்டி, நடுவில் பூரணம் வைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தெடுப்பது. விள்ளும்போது மேலோடு நொறுங்கியது. உள்ளே ஆவி பறக்கும் மஞ்சள் சோறும் இழுபடும் பாலாடைக்கட்டியும் இருந்தன. 'சிறிய ஆரஞ்சுகள்' என்பது அப்பெயரின் பொருள். நாரங்கம், நாரத்தை என்று நாம் வழங்கும் சொல்லின் உறவுதான் சமஸ்கிருதம், பாரசீகம், அரபு வழியாக இத்தாலிய மொழியின் 'அரஞ்சா' ஆயிற்று என்றும், அதன் வேர் திராவிட மொழிகளில் இருப்பதாக மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள் என்றும் நான் சொன்னபோது, வழிகாட்டி தம் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். ஆரஞ்சு மட்டுமா? கத்தரிக்காய், கரும்புச் சர்க்கரை, தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் முறை எனப் பலவும் 827இல் மசாராவில் கரையிறங்கிய அரேபியர்களின் ஆட்சிக் காலத்தில் இத்தீவில் வேர் பிடித்தவை. எலுமிச்சைத் தோட்டங்களில் நீர் தேக்கும் தொட்டியை இன்றும் 'ஜெப்பியா' என்றும், வாய்க்காலைச் 'சையா' என்றும் அழைக்கிறார்கள். இரண்டும் அரபுச் சொற்கள். ஆட்சி போய் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் ஆகியும் சொற்கள் தண்ணீரோடு ஓடிக்கொண்டிருக்கின்றன.

அக்கா சைவ உணவு மட்டுமே உண்பவர். ஏழு நாளும் என்ன செய்வாரோ என்ற என் கவலை முதல் வேளையிலேயே தீர்ந்தது. கத்தரிக்காயை வதக்கி, தக்காளி, ஆலிவ், கேப்பர் மொட்டு, வினிகர், சர்க்கரை சேர்த்துப் புளிப்பும் இனிப்புமாகச் செய்யும் கப்போனாத்தா அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. உலர்ந்த ஃபாவா அவரையைக் கரைய வேகவைத்து, காட்டுப் பெருஞ்சீரகத் தழை தூவும் 'மக்கு' என்ற கூழும் அப்படியே. "இது ஏழைகளின் சாப்பாடுதானே? அதனால்தான் வயிற்றுக்கு ஒத்துப்போகிறது" என்றார். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ராகூசாப் பகுதியின் மரபான பாலாடைக்கட்டிக்குப் பாலைத் திரிக்க ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்க்கிறார்கள். கண்டிப்பான சைவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. அதை அறிந்த பிறகு அக்கா பாலாடைக்கட்டியைத் தொடவில்லை.

நான்காம் நாள் பந்தாலிக்கா. பயணக் குறிப்பில் 'எளிய நடை' என்று அச்சிட்டிருந்தார்கள், அது சரியன்று. அனாப்போ ஆறு சுண்ணாம்புப் பாறையை அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பாதை செங்குத்தானது. படிக்கற்கள் காலடி பட்டுப் பளபளத்து வழுக்குகின்றன. முழங்கால் வலியுள்ள அக்காவைப் போன்றவர்களுக்கு இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். வழிகாட்டி தம்முடைய இரண்டு ஊன்றுகோல்களையும் அவரிடம் கொடுத்துவிட்டு, முன்னால் ஒவ்வொரு படியாக இறங்கி, எந்தக் கல்லில் கால் வைப்பது என்று காட்டிக்கொண்டே வந்தார். குழுவினர் ஒருவரும் முணுமுணுக்காமல் காத்திருந்தார்கள்.

கீழே இறங்கித் தலை நிமிர்ந்ததும் எதிர்ப்பக்கப் பாறை முழுவதும் சிறு சிறு சதுர வாயில்கள் தெரிந்தன. கி.மு. 13ஆம் நூற்றாண்டிலிருந்து 7ஆம் நூற்றாண்டு வரை குடைந்த கல்லறைகள் அவை, ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்டவை. கிரேக்கர்கள் வருவதற்கு முன்பு இத்தீவில் வாழ்ந்த மக்களின் ஊர் மேலே இருந்தது; வீடுகள் மறைந்துவிட்டன, இறந்தவர்களுக்குக் கட்டிய இடங்கள் மட்டும் நிலைத்தன. பாவுலோ ஓர்சி என்ற தொல்லியலாளர் இவற்றை ஆராய்ந்தார். சிராகூசாவின் அருங்காட்சியகம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. பல நூற்றாண்டுகள் கழித்துப் பைசாந்தியர் காலத்து மக்கள் இதே பாறையில் வீடுகளையும் சிறு தேவாலயங்களையும் குடைந்துகொண்டு வாழ்ந்தார்கள். ஆற்றங்கரையில் அரளி பூத்திருந்தது. அக்கா பிளேன் மரநிழலில் அமர்ந்து, காலணியைக் கழற்றி, பாதங்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, "இவ்வளவு தூரம் இறங்கியது இதற்காகத்தான்" என்றார். மீதித் தொலைவு அவருக்கு எளிதாக இருந்தது. பள்ளத்தாக்கின் அடியில் உள்ள வழி, 1956இல் மூடப்பட்ட சிறு ரயில் தடம். தண்டவாளங்களை அகற்றிவிட்டார்கள். சுரங்கங்களுக்குள் நுழைந்தபோது வெயிலில் காய்ந்த தோலுக்குக் குளிர்ச்சி இதமாக இருந்தது.

அடுத்த நாள் ராகூசா மேட்டுநிலத்தில் சாந்து பூசாமல் அடுக்கிய தாழ்வான கற்சுவர்களுக்கிடையே நடந்தோம். வயலைத் திருத்தும்போது பெயர்ந்த கல்லே வயலுக்கு வேலி. இடையிடையே கரோப் மரங்கள் குடைபோல் கவிந்து நின்றன. ஒரு பண்ணை வீட்டில் ரிக்கோத்தா செய்வதைக் காட்டினார்கள். பாலாடைக்கட்டி எடுத்த பிறகு எஞ்சும் தெளிநீரை மீண்டும் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வரை சூடாக்குகிறார்கள். 'மறுபடி சமைத்தது' என்பதே அச்சொல்லின் பொருள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொப்பரையின் மேற்பரப்பு முதலில் லேசாக நடுங்கியது. பின்னர் வெண்திப்பிகள் ஒவ்வொன்றாக எழும்பி ஒன்றோடொன்று சேர்ந்து பஞ்சுப் படலமாயின. பண்ணைக்காரர் அகப்பையால் அதைக் கலங்காமல் அள்ளி, கிண்ணத்தில் பிய்த்துப் போட்ட ரொட்டியின் மேல் தெளிநீரோடு ஊற்றிக் கொடுத்தார். உப்புகூடச் சேர்க்கவில்லை. இந்தப் பயணத்தில் நான் உண்டவற்றிலேயே சிறந்தது எது என்று கேட்டால் அந்தக் கிண்ணத்தைத்தான் சொல்வேன்.

மோதிக்கா என்ற ஊரின் சாக்லேட்டைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். சர்க்கரை உருகாத குறைந்த சூட்டில் கலப்பதால் பல்லில் நறநறக்கும் என்பதே அதன் தனித்தன்மை. எனக்கு ஒரு துண்டு போதுமானதாக இருந்தது. நோத்தோ நகரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1693 ஜனவரி 11ஆம் நாள் நிலநடுக்கம் தென்கிழக்குச் சிசிலியின் ஊர்களைத் தகர்த்தது. ஏறக்குறைய 60,000 பேர் மடிந்தார்கள். பழைய நோத்தோ இருந்த மலைமேல் இன்று உடைந்த மதில்களும் முட்செடிகளும்தான். மக்கள் சில கிலோமீட்டர் தள்ளிப் புதிய நகரைக் கட்டிக்கொண்டார்கள். காலையில் இடிபாடுகளுக்கிடையே நடந்துவிட்டு மாலையில் புதிய நோத்தோவின் தெருவில் நின்றால்தான் அந்தத் தேன்நிறக் கல் மாளிகைகளின் பெருமிதம் புரிகிறது. அங்கும் பேராலயத்தின் குவிமாடம் 1996இல் இடிந்து விழுந்தது. மீண்டும் எழுப்பி 2007இல் திறந்தார்கள்.

கடைசி நாள் வண்டியில் பியாத்சா அர்மெரீனாவுக்குச் சென்றோம். அங்கே காடுகளுக்கு நடுவே 4ஆம் நூற்றாண்டு ரோமானிய மாளிகை ஒன்றின் தரை முழுவதும் வண்ணக்கற்களால் ஆன சித்திரங்கள் உள்ளன. நிலச்சரிவு மூடிக் காத்துக் கொடுத்தவை. உயர்த்திய பலகை நடையில் நின்று கீழே பார்க்க வேண்டும். பெருவேட்டை என்னும் கூடம் ஏறக்குறைய 60 மீட்டர் நீளம். ரோமின் அரங்கங்களுக்காக உயிரோடு பிடித்த விலங்குகளைக் கப்பலில் ஏற்றுகிறார்கள். மிரண்டு பின்வாங்கும் விலங்கைக் கயிறு கட்டி இழுக்கிறார்கள். அந்தக் கூடத்தின் தென்கோடியில், கையில் யானைத்தந்தம் ஏந்திய ஒரு பெண். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் புலி.

"இவள் ஒரு நாட்டின் உருவம். ஆப்பிரிக்கா என்பவர்களும் உண்டு, புலி இருப்பதால் இந்தியா என்பவர்களும் உண்டு" என்றார் வழிகாட்டி. பிறகு எங்கள் இருவர் பக்கம் திரும்பி, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். அக்கா கைப்பிடியில் சாய்ந்து, சிறு நகமளவு கற்களால் ஆன அந்த முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த அடுத்த குழு இடம் கேட்கும் வரை நாங்கள் அங்கிருந்து நகரவில்லை.