கம்பி நீட்டாமல் கம்பி இழுத்த கதை

எம்.எஃப்.ஏ. என்ற நுண்கலை முதுகலைப் படிப்பில் இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது எங்கள் துறையில் ஒரு தாளைக் கையில் கொடுப்பார்கள். ஆய்வுத் தலைப்பு எழுத மூன்று வரி, கீழே கையெழுத்துக்கு இடம். அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு தலைப்புக்கும் பத்து டிராயிங்காவது கூட வர வேண்டும் என்பது எங்கள் மேடம் போட்ட விதி. "வரைஞ்சு பார்க்காத எதையும் தலைப்புன்னு கொண்டு வராதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

நான் சேலத்துப் பெண். ஓவியம் படித்ததெல்லாம் சென்னையில். ஆய்வு என்றால் ஊரைப் பற்றித்தான் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஊரில் எதை என்பதில்தான் நான்கு மாதம் போயிற்று. இப்போது யாராவது அதே மாதிரி ஒரு தாளை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தால் உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வரியில் தாரமங்கலம் என்று எழுதினேன். வேறென்ன எழுதுவேன்? சேலத்துக்காரர் யாரைக் கேட்டாலும் சிற்பம் என்றால் அந்தக் கைலாசநாதர் கோயிலைத்தான் கை காட்டுவார்கள். இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் எடுத்துக் கட்டியது. கல்லிலேயே குடைந்த சங்கிலி, யாளியின் வாய்க்குள் உருளும் கல் பந்து, அப்புறம் அந்த வாலி வதம். ராமன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ராமன் தெரியமாட்டான். சின்ன வயதில் அப்பா என்னை இரண்டு தூணுக்கும் நடுவே ஓடவிட்டு இதைக் காட்டியிருக்கிறார்.

எட்டு நாள் பஸ் பிடித்துப் போய் உட்கார்ந்தேன். 4பி பென்சில், கார்ட்ரிட்ஜ் பேப்பர், பதினொரு படம். நிழல் தீட்டித் தீட்டிச் சுண்டுவிரல் ஓரமெல்லாம் கறுத்துப்போனது. படங்களை மேடத்துக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "நல்லா இருக்கு. ஃபோன்ல எடுத்தா தெரியாத எது இதுல தெரியுது?"

கோபம்தான் வந்தது. இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தபோது கோபம் போய் வெட்கம் வந்தது. கல்லின் மினுமினுப்பு, எண்ணெய்ப் பிசுக்கு, தூணில் விழுந்த வெயில் என்று நான் பாடுபட்டு வரைந்ததெல்லாம் கேமரா ஒரு நொடியில் செய்கிற வேலை. வாலியையும் ராமனையும்கூடப் பக்கவாட்டில் உட்கார்ந்து, இருவரும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி வரைந்து வைத்திருந்தேன். எதனால் அந்தச் சிற்பம் பேர் வாங்கியதோ, அதுவே என் படத்தில் இல்லை.

இரண்டாவது வரி ஏற்காடு. இதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவையும் கரிக்கோலில் வரைவதாகத் திட்டம். ஏழாவது வளைவில் மூடுபனி இறங்கியது, பதினொன்றில் சாரல் பிடித்தது, காகிதம் அப்பளமாக உப்பிக்கொண்டது. ஏரியையும், லேடீஸ் சீட்டிலிருந்து தெரியும் சேலத்து விளக்குகளையும் வரையாத ஆளே எங்கள் ஊரில் கிடையாது. இதில் நான் ஒருத்தி என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறேன் என்று மலையில் இருக்கும்போதே தெரிந்துவிட்டது. அங்கிருந்து நான் கொண்டுவந்தது சளி மட்டும்தான்.

அப்போது உண்மையாகவே பேசாமல் கம்பி நீட்டிவிடலாமா என்றிருந்தது. ஏதாவது பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் வேலை கிடைத்தால் போதும் என்ற அளவுக்கு வந்துவிட்டேன்.

மூன்றாவது வரி காலியாகக் கிடந்தபோதுதான் அம்மாவின் கொலுசில் திருகாணி கழன்று தொலைந்தது. எங்கள் வீடு சிவதாபுரத்தில். அந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு கொலுசுப் பட்டறைதான். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கடையைப் பார்த்து வாய் பிளக்கிற வெளியூர்க்காரர்களுக்கு, அந்தக் கொலுசெல்லாம் இந்த மாதிரி வீட்டுத் திண்ணைகளில் உருவாகிறது என்பது தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் பிறந்ததிலிருந்து காதில் விழுகிற டக் டக் சத்தத்தை ஒரு தலைப்பாக நினைக்கத் தோன்றவே இல்லை.

திருகாணி மாட்டக் கொடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் ஃபோனை எடுத்தேன்.

"ஃபோட்டோ மட்டும் வேண்டாம் கண்ணு" என்றார் பட்டறை அண்ணன். "டிசைன் வெளிய போச்சுன்னா நாளைக்கே இன்னொருத்தர் கம்மி ரேட்டுல போட்டுருவாங்க."

"வரைஞ்சுக்கலாமாங்கண்ணா?"

சிரித்தார். "வரைஞ்சு நீ எவ்வளவு வரைஞ்சுருவ. வரைஞ்சுக்கோ."

மேடம் கேட்ட கேள்விக்கான பதில் அந்தத் திண்ணையில்தான் இருந்தது. ஃபோன் நுழைய முடியாத இடத்துக்குள் பென்சிலை விட்டார்கள்.

எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். ஆடி மாதம் முழுக்க, அதே முக்காலி, தினமும் இருபது நிமிடம், ஒரு படம். ரப்பர் கிடையாது. ஆடியில் கல்யாணம் இல்லாததால் பட்டறையில் வேலையும் கொஞ்சம் மெதுவாக நடந்தது, என்னைப் பொறுத்துக்கொண்டார்கள். முதல் வாரப் படங்களை யாருக்கும் காட்டமாட்டேன். கை, கை, கை. எல்லாக் கையும் வாழைக்காய் மாதிரி இருக்கும்.

எட்டாம் நாள் கம்பி இழுப்பதை உட்கார்ந்து பார்த்தேன். ஒரு இரும்புத் தகடு. அதில் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாக ஓட்டைகள். வெள்ளிக் கம்பியின் நுனியை அரத்தால் கூராக்கி, ஓட்டைக்குள் விட்டு, அந்தப் பக்கம் குறடால் கவ்வி, அண்ணன் உடம்பைப் பின்னால் சாய்த்து இழுப்பார். அடுத்த ஓட்டை, அதற்கடுத்த ஓட்டை. வெள்ளி எங்கும் போய்விடுவதில்லை, மெலிய மெலிய நீளுகிறது. குறுக்களவு பாதியானால் நீளம் நாலு மடங்கு. நடுவில் நிறுத்தி, கம்பியைச் சுருட்டி நெருப்புக் காட்டினார். ஏன் என்று கேட்டேன். "இழுக்க இழுக்க முறுக்கிக்கும் கண்ணு. அப்படியே இழுத்தா அறுந்துரும். சூடு காட்டினாத்தான் வழிக்கு வரும்."

அன்றைய தேதிக்குக் கீழே நோட்டில் "கம்பி இழுத்தல்" என்று எழுதினேன். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஸ்கேலைக் கொடுத்து என்ன சொன்னார்? கோடு இழு. நானும் இழுக்கிறேன், அவரும் இழுக்கிறார்.

இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் தலைப்பு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கிடைக்கவில்லை. ஒரு சொல் கிடைத்ததோடு சரி. சொல்லை வைத்து ஒரு பக்கம் கவித்துவமாக எழுதலாம், எண்பது பக்க ஆய்வு எழுத முடியாது. ஆய்வுக்கு ஒரு கேள்வி வேண்டும்.

கேள்வி பதினான்காம் நாள் வந்தது, அதுவும் என் தப்பினால். ஒரு கொலுசுக் கண்ணியைப் பெரிதாக வரைந்திருந்தேன். மாங்காய் வடிவம், உள்ளே ஒரு சுருள். அண்ணன் எட்டிப் பார்த்து, "இந்த வளைவு தப்பு" என்றார். எங்கே என்று பென்சிலை நீட்டினேன். வாங்கவில்லை. கீழே கிடந்த செப்புக் கம்பித் துண்டை எடுத்து, இடுக்கியால் இரண்டு திருப்புத் திருப்பி என் படத்தின் மேலேயே வைத்தார். என் கோடு ஒரு பக்கம், அவர் கம்பி ஒரு பக்கம். சுருள் முடிகிற இடத்தில் நான் கோட்டை அப்படியே நிறுத்தியிருந்தேன். அவர் கம்பி மாங்காயின் முதுகைத் தொட்டு நின்றது. தொடவில்லை என்றால் அங்கே பற்றாசுப் பொடி வைத்துப் பற்றவைக்க முடியாது, கண்ணி நிற்காது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அழகுக்காக நான் வளைத்திருக்கிறேன்.

"நீங்க டிசைனைக் காகிதத்துல வரைஞ்சு வச்சுக்க மாட்டீங்களாண்ணா?"

"காகிதத்துல எதுக்கு? மாதிரி இருக்கு, கை இருக்கு."

கேள்வி இதுதான்: காகிதத்தில் ஒரு கோடுகூட வரையாமல் ஒரு வடிவத்தை எங்கே வைத்திருக்கிறார்கள்? மாதிரித் துண்டிலா, அச்சிலா, கையிலா? இந்தக் கேள்வியை டிராயிங் தெரிந்தவள்தான் கேட்க முடியும் என்று தோன்றியது. கொலுசுத் தொழிலின் வரலாறு, சந்தை, ஏற்றுமதி எல்லாம் பொருளாதாரம் படித்தவர்கள் என்னைவிட நன்றாக எழுதிவிடுவார்கள்.

இடையில் ஆடிப் பண்டிகை வந்தது. கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்குப் பட்டறை மூடி, அண்ணன் குடும்பத்தோடு சேலத்தின் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கை என்ற அலங்கார வண்டி ஊர்வலம் பார்க்கப் போய்விட்டார். சாவி எங்கள் வீட்டில் இருந்தது. ஆளில்லாத பட்டறையில் இருபது நிமிடம் உட்கார்ந்து வெறும் பலகையை வரைந்தேன். இடுக்கி வலது பக்கம், ஊதுகுழல் எட்டுகிற தூரம், வெங்காரக் கிண்ணம் இடது முழங்கைக்கு அருகே, பூந்திக்கொட்டை ஊறும் டப்பா காலடியில். ஆள் இல்லாதபோதுதான் அவர் கை எங்கெங்கே போய் வரும் என்பது தெரிந்தது. மொத்தத்தில் எனக்குப் பிடித்த படம் அதுதான்.

அப்புறம் எதனால் வரைவது என்ற பிரச்சினை. பென்சில் கோடு அழகாக இருந்தது, ஆனால் விஷயத்தோடு ஒட்டவில்லை. பி.எஃப்.ஏ.வில் ஒரு வகுப்பில் வெள்ளிமுனை ஓவியம் பற்றிச் சொல்லியிருந்தார்கள். ஐரோப்பாவில் கிராஃபைட் பென்சில் வருவதற்கு முன்னால் வெள்ளிக் கம்பியாலேயே வரைவார்களாம். ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1484-இல், பதின்மூன்று வயதில், கண்ணாடியைப் பார்த்து வரைந்த தன் முகம் அப்படி வரைந்ததுதான். இன்றும் வியன்னாவில் இருக்கிறது. அவர் அப்பா தங்க வேலை செய்தவர், பையனும் முதலில் பட்டறையில்தான் தொழில் கற்றான். இதை அண்ணனிடம் சொன்னபோது, "அப்ப பத்தர் வீட்டுப் பையன்னு சொல்லு" என்றார். ட்யூரரை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு அறிமுகப்படுத்தியதில்லை.

வெறும் காகிதத்தில் வெள்ளி எழுதாது. மேலே சொரசொரப்பாக ஒரு பூச்சு வேண்டும். ஜிங்க் ஒயிட் கவாஷ் என்ற வெள்ளை நீர்வண்ணத்தை மெல்லியதாகக் கரைத்து மூன்று கை பூசிக் காயவிட்டேன். முதல் தடவை கெட்டியாகப் பூசிவிட்டதால் சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி பெயர்ந்து வந்தது. மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது, அதுதான் சரி.

அண்ணனிடம் ஒரு துண்டுக் கம்பி கேட்டேன். வெள்ளிப் பட்டறையில் இது சின்ன விஷயமில்லை. தரையைக் கூட்டுகிற தூசியைக்கூடச் சேர்த்து வைத்து அதிலிருந்து வெள்ளி எடுக்கிறவர்கள். ஒரு மில்லிமீட்டர் கனத்தில் விரல் நீளம் வெட்டினார், தராசில் வைத்தார். 0.62 கிராம். நோட்டில் என் பெயர் எழுதி, பற்று என்று போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டார். கம்பியை மைக்ரோ பென்சிலில் லெட்டுக்குப் பதிலாகச் சொருகலாம் என்று பார்த்தேன், நுழையவில்லை. கடைசியில் மூங்கில் குச்சியைப் பிளந்து நடுவில் வைத்து நூலால் கட்டினேன்.

வெள்ளிமுனையில் அழுத்தினால் கோடு கறுக்காது. எவ்வளவு அழுத்தினாலும் அதே மெல்லிய சாம்பல் நிறம். நிழல் வேண்டுமென்றால் கோட்டுக்குப் பக்கத்தில் கோடு, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று என்று பொறுமையாகப் போட வேண்டும். அழிக்கவும் முடியாது. தாரமங்கலத்தில் நிழலைத் தேய்த்துத் தேய்த்து ஒப்பேற்றிய கைக்கு இது நல்ல பாடம். மாதக்கணக்கில் காற்றுப் பட்டால் கோடு மெதுவாகப் பழுப்பாகும், பாட்டியின் பழைய கொலுசு கறுக்கிற மாதிரியே.

அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, ஒரு வருத்தம். புள்ளியைச் சுற்றி வளைத்துப் போடும் சிக்குக் கோலத்துக்கு இன்னொரு பேர் கம்பிக் கோலம். "நானும் ஐம்பது வருஷமா கம்பிதான் இழுக்கிறேன், என்னைய ஏன் வரையல?" என்றார். நியாயமான கேள்வி. நானும் ஆசைப்பட்டு ஓர் அத்தியாயமாகவே சேர்த்திருந்தேன். மேடம் அடித்துவிட்டார். "இது இன்னொரு ஆய்வு. இதையும் சேர்த்தா ரெண்டும் அரைகுறையா நிக்கும்." அடித்தது சரிதான். ஆனாலும் அம்மாயியிடம் இன்னும் சொல்லவில்லை.

தலைப்பை ஏழு தடவை மாற்றி எழுதினேன். "சேலம் வெள்ளிக் கொலுசு: வரலாறும் வடிவமும்" என்பதில் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் ஒரு பெரிய சொல்லை வெட்டிக்கொண்டே வந்தேன். வரலாறு போனது, மரபு போனது, பண்பாடு போனது. குழுவின் முன் நின்றபோது, "ஒரே ஒரு பட்டறையைப் பார்த்துட்டு சேலம்னு எப்படிப் போடுவீங்க?" என்றார்கள். அங்கேயே பேனாவால் அதையும் வெட்டினேன். மிஞ்சியது இது: "வரையாத வடிவம்: ஒரு கொலுசுப் பட்டறையில் கோடும் கம்பியும்." கையெழுத்து விழுந்தது.

ஊருக்கு வந்ததும் கம்பியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பன்னிரண்டு படங்களையும் கொண்டுபோயிருந்தேன். அண்ணன் ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தார். ஒரு மூலையை நகத்தால் லேசாகச் சுரண்டவும் செய்தார், வெள்ளிதானா என்று. அப்புறம் மூங்கில் குச்சியைப் பிரித்து, கம்பியை எடுத்துத் தராசில் வைத்தார். 0.61.

"பன்னெண்டு படத்துக்கு இவ்வளவுதானா?" என்று நோட்டை எடுத்தார். என் பெயருக்கு நேராக வரவு 0.61 என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் சேதாரம் 0.01 என்று போட்டார்.

அந்தப் பக்கத்தை மட்டும் ஃபோனில் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"இதை எடுத்துக்கோ" என்றார்.