அடுத்தவர் மண்ணில் ஒரு ரவுண்டு

உள்ளூர் குத்துச்சண்டை வீரரின் ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) எதிராளியின் கிளவுஸில்தான் பட்டது. ஆனாலும் அரங்கமே எழுந்து கத்துகிறது.

இன்று பார்த்த சண்டையில் அந்த ஒரு நொடி. ரிங்கோரம் இருக்கும் மூன்று நடுவர்களின் காதிலும் அதே சத்தம்தான் விழுகிறது. இழுபறியான ரவுண்டில் 10-9 (ரவுண்டை வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9) பெரும்பாலும் உள்ளூர்க்காரர் பக்கம்தான் சாயும்.

1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் பதித்த குத்துகள் 86, உள்ளூர்க்காரரான பார்க் சி ஹுன் 32. தங்கம் 3-2 என்று கொரியருக்குப் போனது. இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அதனால் வெளியூர் வீரரின் வேலை மணி அடிக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது.

2015 நவம்பர், டுசெல்டார்ஃப். பிரிட்டனின் டைசன் ஃபியூரிக்கு எதிரே விளாதிமிர் கிளிட்ச்கோ. உக்ரைனியர் என்றாலும் ஜெர்மனிதான் அவர் கோட்டை. ரிங் தரை மெத்தென்று இருப்பதைப் பார்த்த ஃபியூரியின் அணி, சண்டையே வேண்டாம் என்று நின்று கேன்வாஸுக்கு அடியில் இருந்த ஃபோமைக் குறைக்க வைத்தது. கால் புதைந்தால், நகர்ந்து ஆடுபவரின் தொடை சீக்கிரமே கனத்துவிடும். கிளிட்ச்கோவுக்குக் கைக்கட்டுப் போடும்போது தங்கள் ஆள் இல்லை என்று சொல்லி, அதையும் அவிழ்த்துக் கட்ட வைத்தார்கள்.

115-112, 115-112, 116-111. மூன்று நடுவர்களின் மதிப்பெண் அட்டையும் ஃபியூரிக்கு.

கிளிஞ்சுக்குள் (இருவரும் கட்டிப்பிடித்து நிற்கும்போது) போடும் சின்னக் குத்துகளை அடுத்தவர் மண்ணில் யாரும் எண்ண மாட்டார்கள். எதிராளியின் தலை பின்னுக்குப் போகிற மாதிரி, நடுவர் கண்ணுக்குத் தெளிவாகப் படவேண்டும். ரவுண்டின் கடைசி 30 விநாடியை விட்டுக்கொடுக்கவே கூடாது. கார்னரில் இருக்கும் பயிற்சியாளர் "நீதான் முன்னால இருக்க" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.