லாபம், ரெண்டு, மூணு

ஜூலை 1, திங்கள்

காலையிலேயே மேற்பார்வையாளரிடம் மாட்டிக்கொண்டேன். செம்பனை (எண்ணெய்ப்பனை) மாதிரிகளின் டிஎன்ஏவில் கிடைத்த ஒற்றை எழுத்து மாற்றங்களின் பட்டியலை அனுப்பியிருந்தேன். ஒப்பிடுவதற்கான மூல மரபணுத்தொகுதியிலிருந்து நான் எடுத்துப் போட்ட எழுத்துகளுக்கும், மாற்றங்களை இடத்தோடு குறித்துவைக்கும் விசிஎஃப் கோப்பில் இருந்தவற்றுக்கும் ஒத்துப்போகவில்லை. சிரித்துக்கொண்டேதான் சுட்டிக்காட்டினார். அதுதான் உறைத்தது.

ஜூலை 2, செவ்வாய்

வேறு பதிப்பை எடுத்துவிட்டேனோ என்று மூலத்தை மறுபடி இறக்கினேன். ஏறக்குறைய 180 கோடி எழுத்துகள். இறங்கி முடிப்பதற்குள் இரண்டு தே தாரிக், அதாவது ஆற்றிய பால் தேநீர். பலன் இல்லை.

எல்லாமே தப்பாக இருந்தால் எப்போதோ விழித்திருப்பேன். நாலில் ஒன்று சரியாக வந்து தொலைத்தது. ஏ, சி, ஜி, டி என்று நான்கே எழுத்துகள். கண்ணை மூடிக்கொண்டு எங்கே தொட்டாலும் அவ்வளவு பொருந்தத்தான் செய்யும். இது இன்றைக்குத்தான் புத்தியில் ஏறியது.

ஜூலை 3, புதன்

ஒன்றும் நகரவில்லை. எல்ஆர்டி ரயிலில் தூங்கி, கேஎல் சென்ட்ரலைத் தவறவிட்டு பசார் செனி போய்த் திரும்பினேன். மழை வேறு.

ஜூலை 4, வியாழன்

பிடிபட்டது. ஆய்வகத்தில் இல்லை, பிரிக்பீல்ட்ஸ் வீட்டு அடுக்களையில்.

பாட்டி அரிசி அளந்துகொண்டிருந்தார். பழைய பால் டின்தான் படி. "லாபம், ரெண்டு, மூணு..." ஒன்று என்று அவர் வாயில் வராது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். முதலாவதுக்கு ஆளாளுக்கு ஒரு பெயர்!

விசிஎஃப் கோப்பு முதல் எழுத்தை 1 என்று எண்ணும். எந்த இடத்திலிருந்து எதுவரை எடுக்க வேண்டும் என்று சொல்லும் பெட் கோப்பு 0 என்று எண்ணும். முடிவாக எழுதும் எண்ணையும் கணக்கில் சேர்க்காது. நாம் 1 முதல் 10 என்பதை அது 0, 10 என்று எழுதும். கழித்தால் நீளம் வந்துவிடும், வசதிதான். முதல் செமஸ்டரில் படித்தது, தேர்விலும் எழுதினேன்! அப்புறமும் விசிஎஃப் எண்ணை அப்படியே பெட் கோப்பில் தொடக்கமாகப் போட்டிருக்கிறேன். எடுத்ததெல்லாம் பக்கத்து எழுத்து.

"என்னாடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் பாட்டி. சொல்லத் தெரியவில்லை.

ஜூலை 6, சனி

ஸ்கிரிப்டில் ஒன்றைக் கழித்தேன். எல்லாம் பொருந்திவிட்டது. மூன்று நாள் அலைச்சலுக்கு ஒரு கழித்தல் குறி.

மாலையில் பாட்டிக்கு விளக்கிப் பார்த்தேன். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர், டூரா, டெனெரா வகையெல்லாம் என்னைவிட முன்பே அவருக்குத் தெரியும். டூராவுக்குத் தடித்த ஓடு. பிசிஃபெராவுக்கு ஓடே இல்லை. இரண்டையும் கலந்தால் மெல்லிய ஓட்டு டெனெரா, எண்ணெய் சுமார் 30 சதவீதம் கூடுதல். இதைத் தீர்மானிக்கும் ஷெல் மரபணுவை மலேசிய செம்பனை வாரியக் குழு 2013-இல் கண்டுபிடித்து வெளியிட்டது. ஓடே இல்லாமல் செய்வதாக அவர்கள் சொன்ன இரண்டு பிறழ்வுகளுமே ஒற்றை எழுத்து மாற்றம்தான். ஓர் எழுத்து தள்ளிப் பார்த்தவளுக்கு அது எப்படிக் கண்ணில் படும்?

"பழத்தைக் குறுக்க வெட்டுனா தெரிஞ்சிடுமே" என்றார்.

காய்க்கும்வரை மூன்று, நான்கு வருடம் காத்திருக்க வேண்டுமே பாட்டி, மரபணுவைப் பார்த்தால் கன்றின் இலையிலேயே தெரிந்துவிடும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப அத்தன வருசம் உரம் போட்டு, தடிச்ச ஓடா வந்தா, கன்னு வித்தவன் அந்தப் பக்கமே தலை காட்ட மாட்டான்."