பேட்டரியை இறக்கியது யார்? ஒரு துக்கடா ரிலே!

கார் பேட்டரி புதுசு. ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் கொடுக்கிறது. ஆனாலும் சில நாள் காலையில் சாவியைத் திருகினால் 'டக் டக்' சத்தம் மட்டும்தான். சர்வீஸ் சென்டரில் விட்டாலோ வண்டி சமர்த்தாக இருக்கும். "வண்டிய ஓட்டாமயே வெச்சிருப்பீங்க சார்" என்று பில்லைக் கையில் கொடுத்தார்கள். தினமும் ஆபீஸ் போய்வரும் வண்டி அது! புது பேட்டரியும் அவர்கள் தலையில் கட்டியதுதான்.

சரி, வண்டி சும்மா நிற்கும்போது எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று நாமே பார்ப்போம் என்று நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் மாட்டினேன். கதவைப் பூட்டி அரை மணி நேரமாவது விட வேண்டும். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்கிய பிறகு வருவதுதான் கணக்கு. மீட்டர் மாட்டியிருக்கும்போது யாராவது ஸ்டார்ட் செய்தால் மீட்டரின் ஃபியூஸ் காலி. 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பொதுவாகக் குறையில்லை. எனக்கு எப்போது பார்த்தாலும் 30தான். கடுப்பு.

தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர்தான் சரியான கேள்வியைக் கேட்டார்: "இறங்குறதுக்கு முந்தின நாள் ஏசி போட்டீங்களா?" யோசித்தால், ஆமாம். ஏசி ஓடும்போதே இன்ஜினை அணைத்த ராத்திரிகள்தான் எல்லாம்.

அன்றே அப்படி அணைத்துவிட்டு, கேபிளைக் கழற்றாமல், அதைச் சுற்றிக் கவ்வி கரண்டை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டரைப் போட்டேன். (மலிவான கிளாம்ப் மீட்டர் பல வீட்டு லைனில் வரும் ஆல்டர்னேட்டிங் கரண்டை மட்டுமே காட்டும், பார்த்து வாங்குங்கள்.) முதல் இரண்டு ராத்திரி ஒன்றுமில்லை. அடுத்த முறை, நேரம் போயும் 3.5 ஆம்பியருக்குக் கீழே இறங்கவே இல்லை. பத்து மணி நேரத்தில் 35 ஆம்பியர் ஹவர். என் பேட்டரியே 45தான்.

எந்த லைன் கரண்டை இழுக்கிறது என்று தேட ஃபியூஸ்களைப் பிடுங்காதீர்கள், தூங்கும் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும். ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு புள்ளிகளில் மில்லிவோல்ட் பாருங்கள், கரண்ட் ஓடும் ஃபியூஸில்தான் அது தெரியும். ஏசி கம்ப்ரசரை இன்ஜினோடு இணைக்கும் கிளட்ச்சின் ஃபியூஸில் மட்டும் நன்றாகக் காட்டியது. அந்த கிளட்ச்சுக்கு கரண்டை விட்டு நிறுத்தும் சுவிட்சான ரிலேயை ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டினேன். 'டிக்'. கம்ப்ரசர் பக்கம் கிளட்ச் விடும் சத்தம். மீட்டர் சரசரவென்று இறங்கியது.

ரிலேயின் உள்ளே பாயின்ட் கருகி, அவ்வப்போது ஒட்டிக்கொண்டிருக்கிறது. புது ரிலே 200 ரூபாய்கூட ஆகவில்லை. மேலே இருக்கும் எண்ணைப் பார்த்து அதே ரகம் வாங்குங்கள், கால் ஒன்றுபோல இருந்தாலும் உள் இணைப்பு மாறும்.

பழைய ரிலேயை சர்வீஸ் சென்டரில் காட்டினேன். "ஓ, இது வரும் சார்" என்றார் அட்வைசர்.