பஸ் ஸ்டாண்டுக்கு இங்கே இறங்கலாமா?

கடலூர் துறைமுகம் சந்திப்பில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த ஆண்டுகளில் நான் அதிகம் பதில் சொன்ன கேள்வி, வண்டி எப்போது வரும் என்பதல்ல, "சார், பஸ் ஸ்டாண்டுக்கு இங்கேயே இறங்கிக்கலாமா?" என்பதுதான். பேருந்து நிலையம் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கிறது; சந்திப்போ, ஊரார் ஓ.டி. என்று சொல்லும் பழைய நகரில் இருக்கிறது. பலகையில் 'கடலூர்' என்று கண்டதும் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி, பின்னிரவில் ஆட்டோ தேடி நின்றவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பெயரிலேயே காரணம் இருக்கிறது. கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் கடலிலேயே நங்கூரமிட, சரக்கு படகுகளில் வந்து இறங்கிய துறைமுகம் இது. அதன் அருகில் நிலையம் அமைந்ததில் வியப்பில்லை. தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் விழுப்புரம் – மயிலாடுதுறை பாதையில் ஒரு நிலையமாக இருந்த இது, நெய்வேலி வழியாக விருத்தாசலத்துக்குப் பாதை பிரிந்த பிறகே சந்திப்பானது.

நான் வேலைக்குச் சேர்ந்தது மீட்டர் கேஜ் காலத்தில். ஒற்றைத் தடத்தில் எதிர் நிலையம் 'லைன் கிளியர்', அதாவது தடம் காலி என்ற சம்மதம், கொடுத்தால்தான் கருவியிலிருந்து, வண்டி புறப்பட அனுமதிச் சீட்டு போன்ற டோக்கன் உருண்டை வெளியே வரும். அதைத் தோல் பையில் இட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, பாயிண்ட்ஸ்மேன் பிளாட்பாரத்தின் நுனியில் உயர்த்திப் பிடிப்பார். ஓடும் எஞ்சினிலிருந்து ஓட்டுநரின் உதவியாளர் கையை நீட்டி வளையத்தைத் தோளோடு வாங்கிக்கொள்வார். மழை நாளில் கை வழுக்கி வளையம் கீழே விழுந்தால், டோக்கன் கைக்கு வரும்வரை வண்டி நகராது.

2006 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காகப் பிரதான பாதை மூடப்பட்டு, 2010இல் திறந்தபோது அந்த வளையங்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. தண்டவாளங்களுக்கு இடையே 1000 மில்லிமீட்டராக இருந்த இடைவெளி 1676 ஆனதைவிட, எனக்குப் பெரிய மாற்றமாகத் தெரிந்தது இதுதான்.

தைப்பூசத்தன்று மட்டும் இங்கே இறங்குபவர்களிடம் கேள்வி மாறும். சிதம்பரம் பக்கமிருந்து, விருத்தாசலம் பாதையில் இருக்கும் வடலூர் சத்திய ஞான சபைக்குப் போகிறவர்கள் இங்குதான் வண்டி மாற வேண்டும். ஒரு தைப்பூசத்தில், தூக்குவாளியும் கையுமாக வந்த மூதாட்டியை விருத்தாசலம் வண்டியில் நானே ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "தம்பி, திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டுக்கு இங்கேயே இறங்கிக்கலாமா?" என்றார்.